ஏபிஎஸ் வீல் சென்சார்: ஓம் சரி, மில்லிவோல்ட் தப்பு

முன் இடது சக்கரத்தின் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) கோளாறு ஒருவழியாகத் தீர்ந்தது. சக்கர வேகத்தை அதற்குச் சொல்வது வீல் சென்சார். புது சென்சார் போட்டும் போகாத கோளாறு, பழைய சென்சாரைத் திரும்பப் போட்டதும் போய்விட்டது. கோளாறு சென்சாரிலேயே இல்லை. அது உட்காரும் இடத்தில் ஏறியிருந்த 0.9 மில்லிமீட்டர் துருவில் இருந்தது. அளவுகளோடு எழுதி வைக்கிறேன். இதே அறிகுறிக்கு ஏபிஎஸ் யூனிட்டையே கழற்றி மாற்றும் வரை போகிறவர்கள் உண்டு, அது வீண் செலவு.

அறிகுறி இதுதான். வண்டி நிற்கப்போகும் கடைசி ஐந்தாறு அடியில், மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே, பெடல் தடதடவென்று காலை உதைக்கும். கூடவே பானெட்டுக்குள் இருந்து பம்ப் 'கர்ர்' என்று இரண்டு நொடி ஓடும். உலர்ந்த சாலை, டயர் வழுக்கவே இல்லை. டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியாது, யூனிட்டில் கோளாறு எண்ணும் (ஃபால்ட் கோடு) பதியாது. டிஸ்க் கோணலாக இருந்தால் உதறல் வேகத்தில்தான் அதிகம் தெரியும், பம்ப் சத்தம் வராது. சந்தேகம் இருந்தால் ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக இரண்டு தடவை நிறுத்திப் பார்க்கலாம். உதைப்பு நின்றால் ஏபிஎஸ்தான். ஃபியூஸ் இல்லாதபோது பின் சக்கர அழுத்தத்தைப் பங்கிடும் இபிடியும் வேலை செய்யாது. அதனால் சோதனை முடிந்த கையோடு ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

இந்த வண்டியில் இருப்பது பழைய வகை பாஸிவ் சென்சார்: காந்தத்தைச் சுற்றி ஒரு காயில், எதிரே சக்கரத்தோடு சுற்றும், பல் வெட்டிய டோன் ரிங், இரண்டு வயர். பல் கடக்கும் வேகம் கூடக்கூட ஏசி வோல்டேஜும் கூடும், குறைந்தால் அதுவும் படுத்துவிடும். பல்லுக்கும் சென்சார் மூக்குக்கும் (அதன் நுனி) இடைவெளி கொஞ்சம் கூடினாலும் சிக்னல் வேகமாக இளைக்கும். 40 கிலோமீட்டரில் அது தெரியவே தெரியாது, போதிய வோல்டேஜ் வந்துகொண்டிருக்கும். 9 கிலோமீட்டருக்கு இறங்கியதும் மற்ற மூன்று சக்கரமும் இன்னும் எண்ணிக்கை காட்ட, இந்த ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழும். ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டது என்றுதான் ஏபிஎஸ் யூனிட் அதைப் புரிந்துகொள்ளும், உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விடும். வேகம் ஏறியதும் சிக்னல் திரும்பிவிடுவதால் ஃபால்ட் கோடு பதிய வாய்ப்பே இல்லாமல் போகிறது.

ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் கிராஃபாகப் போட்டு, பிரேக் தொடாமல் உருள விட்டால் படம் தெளிவாகக் கிடைக்கிறது. 12, 10, 9 என்று நான்கும் ஒன்றாக இறங்கின. 9-இல் முன் இடது நேராகப் பூஜ்யம். மற்றவை 4 வரை வந்த பிறகுதான் மறைந்தன. எஞ்சின் ஃபால்ட் கோடு மட்டும் படிக்கும் மலிவான ரீடரில் இது கிடைக்காது. ஏபிஎஸ் யூனிட்டின் லைவ் டேட்டா காட்டும் ரீடர் வேண்டும்.

அடுத்து எல்லோரும் செய்யும் ஓம் சோதனை. கனெக்டரைக் கழற்றி அளந்தால் இடது 1.12 கிலோ ஓம், வலது 1.10. வயரிலிருந்து பாடிக்கு எதுவும் கசியவில்லை. கேபிளை ஸ்ட்ரட் அருகே வளைத்து நெளித்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பார்த்தும் எண் அசையவில்லை. "ஓம் சரி, ஆக சென்சார் சரி, ஆக யூனிட் போச்சு" என்ற முடிவு பிறக்கும் இடம் இதுதான். ஓம் சொல்வது காயில் அறுபடவில்லை என்பதை மட்டுமே. சிக்னல் எவ்வளவு வருகிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

சொல்வது ஏசி மில்லிவோல்ட். முன்பக்கம் ஜாக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் சென்சார் பக்கக் கனெக்டரில் மாட்ட வேண்டும். சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். இதில் ஒழுங்கு முக்கியம், கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலே எண் ஏறிவிடும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, போனில் மெட்ரோனோமை (சீராகத் தட்டும் ஆப்) நிமிடத்துக்கு 60-இல் ஓடவிட்டு, தட்டுக்கு ஒரு சுற்று என்று பழகிக்கொண்டால் இரண்டு பக்கத்தையும் நம்பி ஒப்பிடலாம். வலது 380 மில்லிவோல்ட். இடது 110. கையேட்டில் என்ன எண் போட்டிருந்தாலும் இந்த இடது வலது ஒப்பீட்டைத்தான் நான் நம்புவேன்.

இங்கே புது சென்சார் மாட்டியதில்தான் பாதி வேலை வீணானது. போட்டதும் 130 மில்லிவோல்ட், அவ்வளவுதான். உதைப்பு அப்படியே இருந்தது. கழற்றிய பிறகு வெர்னியரில் அளந்தால், காதின் (சென்சாரில் போல்ட் போடும் தட்டைப் பகுதி) அடிமுகத்திலிருந்து மூக்கு நுனி வரை பழைய சென்சார் 28.4 மில்லிமீட்டர், புதியது 28.1. மாற்று பாகங்கள் செய்பவர்கள் கனெக்டரையும் போல்ட் ஓட்டையையும் அச்சாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள், மூக்கு நீளத்தில் கோட்டை விடுகிறார்கள். இந்த வேலையில் அந்த ஒரு அளவுதான் உயிர். பெட்டியில் வண்டிப் பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு விடாமல், பழையதைப் பக்கத்தில் வைத்து அளந்த பிறகே மாட்டுங்கள்.

அடுத்துத் துளையின் ஆழம். வெர்னியரின் ஆழக் கம்பியைத் துளைக்குள் விட்டு, சென்சார் உட்காரும் முகத்திலிருந்து பல்லின் உச்சி வரை அளக்க வேண்டும். கம்பி இரண்டு பல்லுக்கு நடுவே இறங்கினால் அளவு தப்பாகக் கூடும். சக்கரத்தை நூல் நூலாக நகர்த்தி, கிடைக்கும் மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைத்தது 30.1. பழைய சென்சாரின் 28.4-ஐக் கழித்தால் இடைவெளி 1.7 மில்லிமீட்டர். இந்த வகைக்குப் பொதுவாக 1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கால் சுற்றுக்கு ஒரு தடவை என நான்கு இடத்தில் அளந்ததில் வித்தியாசம் 0.1-க்குள் இருந்தது, ஆக ரிங் கோணலாக ஓடவில்லை. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. மிச்சமிருந்தது நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும், சென்சார் உட்காரும் பாகம்) முகம் மட்டும்தான்.

வார்ப்பிரும்பு நக்கிளில் சென்சாரின் காதுக்கு அடியில் துரு அடுக்கடுக்காக ஏறும். துரு பிடித்த இரும்பு பருத்து இடம் அடைப்பதால், போல்ட் இறுக்கமாக இருக்கும்போதே சென்சாரை மெல்ல மெல்ல வெளியே தூக்கிவிடும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாக உட்கார்ந்தது போலவே தெரியும். 2005-இல் ஜெனரல் மோட்டார்ஸ், பனிக்கு உப்பு தூவும் அமெரிக்க மாநிலங்களில் ஓடிய சுமார் எட்டு லட்சம் பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான்: முன் ஹப்பில் சென்சாருக்கு அடியில் துரு, மெதுவாக நிறுத்தும்போது தேவையில்லாத ஏபிஎஸ்.

கழற்றுவது தனிப் போராட்டம். போல்ட் வந்துவிடும், சென்சார் வராது. துரு இளக்கும் ஸ்ப்ரேயை முதல் நாள் இரவே அடித்து ஊற விட்டு, மறுநாள் காதைப் பிளையரில் பிடித்து இப்படி அப்படி ஐந்து டிகிரி அளவில் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, சூடு காட்டவே கூடாது. பிளாஸ்டிக்கும் போகும், பேரிங் சீலும் போகும். நெம்பினால் காது மட்டும் கையோடு வந்து, மூக்கு துளைக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையிட்டு எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

சுத்தம் செய்யும்முன் துளையின் அடியில் கிரீஸ் தடவிய துணியை அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சுரண்டும் துரு முழுக்க ரிங்கின் பல்லுக்கு இடையில் போய் உட்காரும், பிறகு அந்தத் தூளைச் சென்சாரின் காந்தம் இழுத்து மூக்கில் ஒட்டவைக்கும். முகத்துக்குத் தட்டையான மரத்துண்டில் சுற்றிய 120 எமரி, பிறகு 240. விரலால் தேய்த்தால் முகம் குழிந்துவிடும், மரத்துண்டை விடாதீர்கள். துளைச் சுவருக்குச் சின்ன கம்பி பிரஷ், கையால் சுற்றுவது போதும். இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரும்பையே தேய்த்துக் குறைத்தால் மூக்கு ரிங்கில் உரசும் அபாயம் உண்டு. பிரேக் கிளீனரால் துடைத்து, துணியை எடுத்து, மறுபடி ஆழம் அளந்தால் 29.2. இடைவெளி 0.8. போன துரு 0.9 மில்லிமீட்டர்.

முகத்தில் சிலிகான் கிரீஸ் ஒரு படலம், மூக்கின் பக்கவாட்டிலும் கொஞ்சம். உலோகத் தூள் கலந்த கிரீஸ் இங்கே வேண்டாம். பழைய சென்சாரைப் போட்டு எம்6 போல்ட்டை 8 நியூட்டன் மீட்டரில் முடுக்கி, அதே மெட்ரோனோமுக்குச் சுற்றியதில் 370 மில்லிவோல்ட். லைவ் கிராஃபில் நான்கு கோடும் இப்போது 4 கிலோமீட்டர் வரை சேர்ந்தே இறங்குகின்றன. இருபது தடவைக்கு மேல் மெதுவாக நிறுத்திப் பார்த்தும் ஒரு உதைப்பும் இல்லை.

புதிய வண்டிகளில் இருக்கும் ஆக்டிவ் சென்சாருக்கு இந்த ஓம், ஏசி மில்லிவோல்ட் எதுவும் செல்லாது. அதற்குள் சிப் இருக்கிறது, ஓம் மீட்டரை வைப்பதே தவறு. அது சுமார் 7 மில்லி ஆம்பியருக்கும் 14-க்கும் இடையில் மின்னோட்டத்தை மாற்றிக் காட்டும். 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சென்சாரின் சப்ளை வயருக்கும், சிக்னல் வயரை ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக எதிர்முனைக்கும் கொடுத்து, ரெசிஸ்டரின் இரு முனையில் டிசி வோல்ட் பார்க்க வேண்டும். சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்தினால் 0.7, 1.4, 0.7 என்று மாறி மாறித் தாவும். ஒரே எண்ணில் நின்றுவிட்டால் சென்சாரோ, பேரிங் சீலில் இருக்கும் காந்த வளையமோ போயிருக்கிறது. ரெசிஸ்டர் 2 வாட் ஆகட்டும். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் 1.4 வாட் அதன் தலையில் விழும், கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். பேரிங் மாற்றிய கையோடு சிக்னல் செத்துப்போனால் காந்தப் பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி அடித்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். காந்தம் காட்டும் பச்சை ஃபிலிம் அட்டையைப் பேரிங் மேல் வைத்தால் கோடு கோடாகத் தெரியும் பக்கம்தான் சென்சாரைப் பார்க்க வேண்டும். அந்த அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

முன் வலது 380 காட்டினாலும் அதே இரும்பு, அதே வயது. பேட் மாற்றும்போது அதன் முகத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு சானல் ஆசிலோஸ்கோப் கிடைத்ததும் நான்கு ரிங்கின் அலையையும் எடுத்து வைக்கும் எண்ணம் இருக்கிறது. ரிங்கில் விரிசல் இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை அலையில் ஓர் இடைவெளி விழும், மல்டிமீட்டர் சராசரியில் அது மறைந்துபோகும். அதற்கு முன்பாக, பின்பக்க இடது சக்கரத்தின் கனெக்டரைக் கவனிக்க வேண்டும். ரப்பர் சீல் சுருங்கி, ஒரு பின்னில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.