எழினி என்னும் ஆண்பெயர்

என் தங்கை தன் மகனுக்கு எழினி என்று பெயர் சூட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அப்பெயரைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது, ‘பெண் குழந்தையா?’ என்பதுதான். யாழினி போன்ற பெயர்கள் பழகிய செவிக்கு, ‘இனி’ என்று முடியும் எந்தப் பெயரும் பெண்பெயராகவே படுகிறது. அவ்வினிமையைக் கருதியே இன்று சிலர் பெண் குழந்தைகளுக்கும் இப்பெயரை வைக்கிறார்கள். அதில் குறை காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் சங்கப் பாடல்களில் எழினி ஆண்மகனின் பெயர் என்பதை எடுத்துச் சொல்லும் கடமை எனக்கு இருப்பதாக உணர்கிறேன்.

பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி, வழுதி என்று அக்காலத்து மன்னர் பெயர்களும் வள்ளல் பெயர்களும் இகரத்தில் முடிவது மிக இயல்பு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பெயர் பொகுட்டெழினி. தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்ற எழுவரில் எழினி என்னும் ஒருவனும் இருந்ததை அகநானூற்றின் 36ஆம் பாடல் சொல்கிறது. என் தங்கையின் மனத்தைத் தொட்டது புறநானூற்றின் 102ஆம் பாடல். இளம் எருதுகள் பூட்டிய, பாரம் மிகுந்த வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று எண்ணி, உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள், அதன் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சை, அதாவது மாற்று அச்சை, போன்றவன் என்று பொகுட்டெழினியை ஔவையார் அதில் பாடுகிறார். பிள்ளையைப் பற்றி ஒரு தாய் நினைக்க இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியவில்லை.

எழினி என்றால் திரை என்பது பொருள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகை அரங்கத் திரைகள் வருகின்றன. போளூருக்கு அருகில் உள்ள திருமலை என்னும் சமணக் குன்றின் கல்வெட்டு இன்னும் வியப்பானது. அங்கு சமணர் வழிபடும் காவல் தெய்வங்களான இயக்கன், இயக்கி உருவங்களை அமைத்த சேரர் குலத்து எழினியைத் தமிழ்ப் பகுதி அப்பெயராலேயே குறிக்க, வடமொழிச் செய்யுளோ ‘யவனிகா’ என்று, திரையைக் குறிக்கும் சொல்லாகவே மாற்றிவிடுகிறது. ழகரம் இல்லாத மொழியில் அந்த ஒலியைச் சிதைப்பதைக் காட்டிலும் பொருளைக் கொண்டுசெல்வதே மேல் என்று அந்தப் புலவர் கருதியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ழகரம் உள்ள மொழியினராகிய நாம்தான் அப்பெயரைச் சிதைக்கிறோம். ‘எளினி’ என்றால் பொருளே இல்லை. ‘எயினி’ என்றால் வேட்டுவப் பெண் என்றாகிவிடும். குறமகள் இளவெயினி, பேய்மகள் இளவெயினி என்னும் பெண்பாற் புலவர்களின் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்காக ‘இஸட்’, ‘ஹெச்’ இரண்டையும் சேர்த்து எழுதுவதால், தமிழ் அறியாதவர்கள் ‘எஸினி’ என்றோ, முதலெழுத்தை நீட்டி ‘ஈஸினி’ என்றோ படிக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் அப்படி அழைக்கப்பட்டபோது, தன் மகனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே தங்கைக்குப் புரியவில்லை. முதல் எகரம் குறில். அடுத்து, நாவின் நுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தில் ஒட்டாமல் நிறுத்தி ழகரத்தை ஒலிக்க வேண்டும். நுனி அண்ணத்தைத் தொட்ட உடனேயே அது ளகரம் ஆகிவிடும்.

குழந்தைகளின் நாவுக்கு ழகரம் தாமதமாகவே வசப்படும். பெயர் கேட்டால் அவனும் இப்போது ‘எயினி’ என்றே சொல்கிறான். நாங்கள் யாரும் திருத்துவதில்லை. அவனுடைய பாட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் ‘எழினி’ என்று நிறுத்தி, தெளிவாக அழைக்கிறார். அவன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.