14 நிலைகளிலும் இல்லாதவன்

மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாம் ஊரில் நடக்கும் அன்னம்மாள் திருவிழாவுக்கு இந்த ஜூலையில் அத்தையோடும் அவருடைய இரண்டு பேரன்களோடும் போனேன். கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறியதும் ஜெபமாலையை எடுத்த அத்தை ஈப்போ வருவதற்குள் தூங்கிவிட்டார்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 26ஆம் தேதி மாதாவின் தாய்க்குத் திருநாள், அதற்கு முன்பிருந்தே மெழுகுவர்த்தியும் பூவுமாக ஜனம் வந்துகொண்டே இருக்கும், சீனர்கள், நம் இந்துக்கள் என்று எல்லாரும்தான். 1888இல் கட்டிய பழைய கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சின்னவனைக் காணோம். பெரியவன் போனில் கத்தினான்: "டேய் யூதாஸ், எங்களை விட்டுட்டுச் சாப்பிடப் போய்ட்டியா?"

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு அந்தப் பேரையா சொல்ற?"

சரி என்று, இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகக் காட்டும் சிலுவைப்பாதைக்கு மலை ஏறினோம். ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது, 14 நிலைகளில் யூதாஸ் எங்கேயும் இல்லை. பிலாத்து தீர்ப்புச் சொல்வதில் தொடங்கிவிடுகிறது, அவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்தது அதற்கு முன்பே முடிந்துபோன கதை. ஆனால் ஊர் வாயில் நிற்பது அவன்தான். மற்ற சீடர்களும் அன்று ஓடினார்கள், பேதுரு மூன்று தடவை தெரியாது என்றார், ஆனாலும் யாரும் யாரையும் பேதுரு என்று திட்டுவதில்லை. முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்தான் பாருங்கள், அதைத்தான் ஜனத்தால் மறக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அதற்குக் கூலியாக வாங்கிய 30 வெள்ளிக்காசை அவன் திருப்பி எறிந்ததும், குருக்கள் அதைக் கொண்டு அந்நியரை அடக்கம் செய்யக் குயவன் நிலம் வாங்கியதும் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

இத்தனைக்கும் அது நல்ல பெயர். பைபிளில் யாக்கோபின் மனைவி லேயாள் நான்காவது பிள்ளை பிறந்ததும் ஆண்டவரைப் புகழ்வேன் என்று சொல்லி வைத்த பெயர்தான் யூதா, இயேசு பிறந்ததும் அந்தக் கோத்திரத்தில்தான். இயேசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேரிலேயே அந்தப் பெயரில் இரண்டு பேர். யோவான் எழுதும்போது இன்னொருவரைக் குறிப்பிட "இஸ்காரியோத்து அல்லாத" என்று சேர்க்க வேண்டியதாயிற்று. பாவம் அந்த மனிதர். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே பெயர், தமிழில் நாம் ஒருவரை யூதா என்றும் மற்றவரை யூதாஸ் என்றும் பிரித்துத் தப்பித்துக்கொண்டோம்.

இதை மூச்சு வாங்க அத்தையிடம் சொன்னபோது அவர் எட்டாவது நிலையில் உட்கார்ந்துவிட்டார். "எட்டப்பன் மாதிரின்னு சொல்லு" என்றார். அவருடைய மாமனார் வழி எட்டயபுரம் பக்கம். அந்தப் பாளையத்தில் பட்டத்துக்கு வந்தவர் எல்லாருக்குமே எட்டப்பன் என்றுதான் பெயர், 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட காலத்தோடு மொத்தப் பரம்பரைப் பெயரும் வசையாகிவிட்டது. "எங்க மாமனார் ஊர்ப் பேரைச் சொல்லவே கூச்சப்படுவார்" என்றபடி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தார். ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. புனித யூதா ததேயு, நான் சொன்ன அந்த இன்னொருவர்தான், கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பாதுகாவலர்! மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாளும் அவரிடம்தான் வேண்டினாராம்.

"இவர் பேரைக்கூட வீட்டுப் பிள்ளைங்களுக்கு யாரும் வைக்கமாட்டாங்க, நவநாளுக்கு மட்டும் இவர் வேணும்" என்றார் அத்தை.

கீழே இறங்கினால் பழைய கோயில் வாசலில் சின்னவன் நிற்கிறான், கையில் நான்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தபாவ் (பார்சல்) பண்ணி. பெரியவன் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டான். சம்பல்தான் கொஞ்சம் குறைவு.