ஐப்பசி மழையில் ஒரு வரத்துக் கால்வாய்

நவம்பர் 8, சனி

மாட்டுத்தாவணியில் ஐந்தரை மணி பஸ், மேலூரிலிருந்து ஷேர் ஆட்டோ. ஒரு கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் முள் வெட்டித் தூர்வாரப் பன்னிரண்டு பேர் வருவதாகப் பேச்சு. விடியற்காலைத் தூறல் ஐந்து பேரைக் கட்டிலிலேயே நிறுத்திவிட்டது.

மேலூர்ப் பக்கம் என்றாலே 1895-இல் கட்டி முடித்த பெரியாற்று அணையும் அதன் கால்வாயும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்த ஊர்க் கண்மாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாறைமலையில் பெய்கிற மழை வழிந்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். நாங்கள் நிற்பது அந்த எல்லைக்கு வெளியே. அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது. சீமைக்கருவேலம் மட்டும் தாராளம்.

மாலைக்குள் இருநூறு மீட்டர் வெட்டி, முள்ளைக் கரையில் குவித்தோம். வண்டிப்பாதைக்கு அடியில் குழாய் வழியாகக் கால்வாய் கடக்கிற குழாய்ப் பாலம் வரை இடுப்பளவு தோண்டினோம். ஒரு முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. அந்தச் செருப்பு எங்கேயோ போய்விட்டது. வெறுங்காலோடு மதுரை திரும்பினேன், பெருமையோடுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

விடாத மழை. இன்று புதிதாக ஒருவர் வந்தார், ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் நிற்கும்வரை அதில் வேலை பார்த்திருக்கிறார். ஆண்டிபட்டிக் கணவாயில் மழைக்கால இரவுகளில் விளக்கை எடுத்துக்கொண்டு தண்டவாளம் நெடுக நடந்தவர்.

“ஜல்லிக்குள் சேறு ஏறினால் தண்ணீர் வடியாது. வண்டி போகும்போது தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை மேலும் கீழும் ஆடிச் சேற்றைக் கக்கும். அதனால் முதலில் பக்கத்து வாய்க்காலைத்தான் பார்ப்போம்” என்றார். பேசிக்கொண்டே எங்கள் கால்வாயில் இறங்கி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபை நீட்டிப் பிடித்தார். முகம் சுருங்கியது.

குழாய் வாயைவிட ஒரு முழம் பள்ளமாக வெட்டி வைத்திருந்தோம். தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வந்து வேகம் செத்து, சுமந்து வந்த மணலைக் குழாய்க்கு முன்னாலேயே இறக்கிக்கொண்டிருந்தது.

“ஆழம் யார் கேட்டது, தம்பி? வாட்டம் வேண்டும், தண்ணீர் ஓடுகிற சரிவு” என்றார். நேற்றைய இடுப்பளவுப் பெருமை அங்கேயே கரைந்தது.

நவம்பர் 13, வியாழன்

இரவு ஒன்பதரைக்கு, கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்ளும் மடைக்காரரிடமிருந்து போன். வண்டிப்பாதைக்கு மேலே தண்ணீர் போகிறதாம். நாங்கள் கரையில் குவித்த முள் அத்தனையும் அடித்துக்கொண்டு வந்து குழாயை அடைத்துவிட்டதாம். நட்டுப் பத்து நாளான வயல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. நாளைக்கு விடுமுறை கேட்டேன், கிடைக்கவில்லை.

நவம்பர் 15, சனி

மூழ்கிய வயலுக்குச் சொந்தக்கார அம்மா பாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். “முள்ளை வெட்டிய மகராசன்கள் அதை எங்கே போட்டீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

குழாய்க்கு முன்னால் தண்ணீர் அமைதியாகத்தான் தெரிந்தது. மடைக்காரர் யாரையும் இறங்க விடவில்லை. அடைப்பு திடீரென்று விட்டால் ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும் என்றார். வீட்டிலிருந்து பாதாளக் கரண்டியைக் கொண்டுவந்திருந்தார், கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பார்களே, அதே கொக்கிக் கொத்து. அதில் வடக்கயிற்றைக் கட்டி, கரையிலிருந்தே வீசினார். மூன்று வீச்சு வெறுமனே வந்தது. நான்காவது எதையோ கவ்வியது. ஐந்து பேர் பிடித்தோம், சேற்றில் கால் வழுக்கியது. ஆறாவது ஆளாக அந்த அம்மாவும் கயிற்றைப் பிடித்தார்.

முதலில் ஓர் உரச்சாக்கு வந்தது. பிறகு வைக்கோலும் களிமண்ணும் சேர்ந்து பாய்போல் பின்னிக்கொண்ட முள். அதன் நடுவில், குதிகாலில் ஓட்டையோடு என் செருப்பு.

அதற்குள் குழாய் உறுமத் தொடங்கிவிட்டது. மறுபக்கம் காப்பி நிறத்தில் பீய்ச்சி அடித்தது. பாதைமேல் நின்ற தண்ணீர் அரை மணி நேரத்தில் இறங்கியது. வயலில் நாற்றின் நுனி தெரிய மாலையாகிவிட்டது. பிழைக்குமா என்று கேட்டேன். “வேர் அழுகாமல் இருந்தால்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நடந்துவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

மிச்ச முள்ளையெல்லாம் மேட்டுப் புறம்போக்குக்கு இழுத்துப் போட்டோம். வெட்டியதைவிட இழுத்ததுதான் பெரிய வேலை. கேங்மேன் அண்ணன் சொன்னபடி பள்ளத்தில் சரளை கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, டியூபை நாலு இடத்தில் பிடித்து வாட்டம் பார்த்தோம். ஒரு காய்ந்த இலையைப் போட்டார். அது எங்கேயும் சுற்றி நிற்காமல் நேராகக் குழாய்க்குள் போனது. அதற்குப் பிறகுதான் டீ குடிக்க ஒப்புக்கொண்டார்.

கண்மாய்க்குள் மடை இருக்கும் இடத்தில் நிற்கிற குமிழித் தூணில் கீழ்க்கல் மூழ்கிவிட்டது. மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தொட இன்னும் மூன்று முழம் என்று மடைக்காரர் கையால் அளந்து காட்டினார். கலுங்கு வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு மறுகால் போகும். கீழூரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டதாம், எப்போது என்று கேட்டு.