பாதுகாப்பு ஆணை பெற்ற வழி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இன் கீழ் நான் என் கணவருக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பெற்ற அனுபவத்தை எழுதுகிறேன். இதே வழியில் போக நினைக்கும் பெண்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆலோசகர்கள், வழக்கறிஞர்கள், உறவினர்களுக்கும் இது பயன்பட வேண்டும். துணை நிற்பவர் என்ன கேட்கிறார், எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்பதில்தான் ஒரு வழக்கின் பாதி வலிமை இருக்கிறது என்பதை நேரில் கண்டேன்.

எங்கள் வீட்டில் அடி எப்போதாவதுதான் விழுந்தது. எல்லா நாளும் இருந்தது கண்காணிப்பு. என் சம்பளம் வரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டை கணவரிடம் இருந்தது. தாய்வீட்டாரிடம் பேசினால், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்று கணக்குக் கேட்பார். அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதும் மகள் தம்பியின் விளையாட்டுச் சாமான்களை அவசரமாக எடுத்து மறைப்பாள். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்த மகன் மறுபடியும் நனைக்கத் தொடங்கினான். மாமியாரும் அஞ்சியே வாழ்ந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசினால், அவருடைய மருந்துச் செலவுக்கே பணம் வராது. என் பெற்றோரோ, பிள்ளைகளுக்காக அனுசரித்துப் போ என்றார்கள். அந்தப் பிள்ளைகள்தான் ஒவ்வொரு நாளும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நான் உதவி கேட்டுப் போன இடத்தில் காயம் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள். இல்லை என்றதும் பேசி முடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தேன். அவர்கள் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் அரசு மையம்) வழிகாட்டினார்கள். அங்கிருந்த ஆலோசகர் முதலில் கேட்ட கேள்வி, இன்று வீட்டுக்குத் திரும்பினால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டா என்பதுதான். ஏன் இத்தனை ஆண்டுகள் பொறுத்தீர்கள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீட்டைவிட்டு வருவதா, அங்கேயே இருந்தபடி ஆணை கேட்பதா, காவல் துறையில் தனியாகப் புகார் கொடுப்பதா என்று ஒவ்வொன்றையும் விளக்கிவிட்டு, முடிவை என்னிடமே விட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் என் முடிவுக்காகக் காத்திருந்தார்.

பிரியப்போவது தெரியவரும் நேரத்தில்தான் வன்முறை கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று அவர் எச்சரித்தார். அதனால் மனு போடுவதற்கு முன்பே பாதுகாப்புத் திட்டம் ஒன்றை இருவரும் சேர்ந்து வகுத்தோம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான தோழி ஒருவரிடம் கொடுத்து வைத்தேன். கைப்பேசியின் கடவுச்சொல்லை முன்கூட்டியே மாற்றினால் கணவருக்குச் சந்தேகம் வரும் என்பதால், வெளியேறிய பிறகுதான் மாற்றினேன். சட்டம் தெரிந்த பலருக்குக்கூட இந்த நுணுக்கங்கள் தோன்றுவதில்லை.

அடுத்து, இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர், நடந்த வன்முறையை நீதிமன்றத்துக்காகப் பதிவு செய்யும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைத் தயாரித்தார். இந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு உடல், பாலியல் வன்முறையோடு சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதையும், பொருளாதார வன்முறையையும் சேர்த்தே சொல்கிறது. எனவே ஏ.டி.எம். அட்டையைப் பிடித்து வைத்தது, வசைச்சொற்கள், பிள்ளைகளின் முன் மிரட்டியது எல்லாமே அறிக்கையில் இடம்பெற்றன. தேதி நினைவில் இல்லாதபோது, பள்ளி திறந்த வாரமா, தேர்வு நேரமா என்று கேட்டுக் கேட்டு நினைவைத் திரட்ட உதவினார். அஞ்சி வாழ்ந்தவரின் நினைவு வரிசையாக வராது. அதைப் பொய்யென்று கொள்ளாமல், நடந்ததை நடந்தபடி எழுதும் பொறுமை வேண்டும். மகளிடம் அவர் தனியாகப் பேசினார். ஆனால் அப்பாவைப் பற்றிக் குறை சொல்ல வைக்கும் கேள்வி எதையும் கேட்கவில்லை.

பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் கிடைத்தார். நான் தற்காலிகமாகத் தங்கியிருந்த ஊரின் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலேயே 12-ஆம் பிரிவின்படி மனு கொடுக்க முடிந்தது. முதல் விசாரணை வழக்கமாக 3 நாளுக்குள் வர வேண்டும், 60 நாளுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் நீண்டன. அதனால்தான் 23-ஆம் பிரிவின்படி இடைக்கால ஆணையை மனுவோடு சேர்த்தே கேட்க வேண்டும் என்று என் வழக்கறிஞர் வற்புறுத்தினார். அது சரியான முடிவு. என்னையும் பிள்ளைகளையும் தொடர்பு கொள்ளவோ பள்ளிப் பக்கம் வரவோ கூடாது என்ற தடையும், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும், பராமரிப்புத் தொகையும் அந்த ஆணையில் கிடைத்தன. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது என் கணவருக்கும் தெரியும்.

வீடு மாமனார் பெயரில் இருந்ததால் எனக்கு அங்கே உரிமை இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடும் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாக, அதாவது மனைவிக்குத் தங்கும் உரிமையுள்ள வீடாக, கருதப்படலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பை என் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். ஆனாலும் பிள்ளைகள் அந்த வீட்டுக்குத் திரும்ப விரும்பவில்லை. எனவே மாற்று இடத்துக்கான வாடகையைக் கேட்டோம். அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அதற்கும் இடம் உண்டு.

ஆணையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஒரு நகலைக் காவல் நிலையத்திலும், இன்னொன்றைப் பிள்ளைகளின் தலைமையாசிரியரிடமும் கொடுத்தேன். மகன் இப்போது மனநல ஆலோசகர் ஒருவரிடம் வாரந்தோறும் போய்வருகிறான். மாமியார் விரும்பினால் அவரும் தம் மகனான என் கணவர்மீது மனு கொடுக்கலாம் என்று பாதுகாப்பு அலுவலர் சொல்லியிருந்தார். அந்தச் செய்தியை அவரிடம் சேர்ப்பித்திருக்கிறேன். இழப்பீடு கேட்டு 22-ஆம் பிரிவின்படி நான் கொடுத்த மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது.