உதகையில் 98 பவுண்டு

என்னிடம் இருக்கும் 1986 மாடல் பிரீமியர் பத்மினி கார், சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கேத்தியிலிருந்து உதகைக்கு ஏறும் சாலையில், முன்பெல்லாம் மூன்றாம் கியரிலேயே கடந்த ஏற்றங்களில் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. நிற்கும்போது இன்ஜின் தாளம் தப்பிக் குலுங்கியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் உட்புறம் வெண்ணெய் போல வெளிறிய பசை படிந்திருந்தது. காலையில் புகைக்குழாய் வெள்ளையாகப் புகைந்தது. இவற்றைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட கோவை மெக்கானிக் ஒருவர், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், எவ்வளவு என்று மட்டும் விசாரித்தார். 98 பவுண்டு என்றேன். 120க்குக் கீழே இறங்கிவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, இன்ஜினை இறக்கிக் கொண்டுவந்துவிடுங்கள், ஃபுல் வேலை செய்துவிடலாம் என்றார்.

ஃபுல் வேலை என்றால் இன்ஜினை வண்டியிலிருந்து தூக்கி, பிக்கப்பில் ஏற்றி மலையிறக்கி, லேத்தில் சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), பெரிய அளவு பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்டிங் செய்து, பேரிங் முழுவதையும் மாற்றுவது. செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்மினியின் உற்பத்தி நின்று 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், நான்கும் ஒரே அளவில் பொருந்தும் நல்ல பிஸ்டன் செட் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். அதோடு, ஒவ்வொரு முறை போர் அடிக்கும்போதும் சிலிண்டர் சுவர் சிறிது மெலிகிறது. அந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே இன்ஜின் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்பதை அறியாமல் அதற்குச் சம்மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றே அழைப்போம். அவருடைய கேஜில் நான்கு சிலிண்டர்களும் முறையே 98, 96, 74, 97 என்று காட்டின. நான் முதலாவதை மட்டுமே கோவைக்குச் சொல்லியிருந்தேன் என்பதைக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார். "மேல அளந்தத கீழ உள்ளவர்கிட்ட சொன்னா அவர் பயப்படத்தான் செய்வார் சார்" என்று அவர் சொன்ன பிறகே என் தவறு விளங்கியது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பிஸ்டன் இறங்கும்போது உள்ளே வரும் காற்றே குறைவாக இருக்கையில், அதை அழுத்தினால் கிடைக்கும் எண்ணும் அதே விகிதத்தில் குறையும். உதகையில் 98 என்பது சமவெளியில் 125க்கு அருகில் வரவேண்டும் என்பது எங்கள் கணக்கு.

கணக்கை நம்பாமல் மறுவாரம் வண்டியை மேட்டுப்பாளையத்துக்கே இறக்கினோம். அங்கே ஒரு மரநிழலில் அதே கேஜை, அதே பேட்டரியோடு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்து அளந்தபோது 123, 121, 94, 122 என்று வந்தது. அன்று காலை வீட்டு வாசலில் முழு வேலைக்குத் தகுதியாக இருந்த இன்ஜின், கேரட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கிய இரண்டு மணி நேரத்தில் தானாகக் குணமாகிவிட்டது என்று பாயிடம் வேடிக்கையாகச் சொன்னேன். ஆனால் மூன்றாம் சிலிண்டர் மலையிலும் தாழ்ந்தே இருந்தது, அடிவாரத்திலும் தாழ்ந்தே இருந்தது. எண்ணின் உயரத்தைவிட நான்கு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நோயைச் சொல்கிறது, அந்த வேறுபாட்டை மலையேற்றம் மறைப்பதில்லை.

மூன்றாவதில் நோய் எங்கே என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கும் பட்சத்தில் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறும். வால்வு கசிந்தால் ஆயிலால் பயன் இராது. எங்களுக்கு 94 என்பது 98 ஆனது, அதற்குமேல் ஏறவில்லை. மற்ற மூன்றும்கூட ஐந்தாறு பவுண்டுகளே ஏறின.

மலைச்சாலை தானே ஒரு சோதனைக்கூடம் என்பதையும் இந்தப் பயணத்தில் கவனித்தேன். பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை இரண்டாம் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது உட்குழாயில் உண்டாகும் வெற்றிடம், வால்வின் தண்டு நகரும் குழலான வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. கீழே சமதரையில் காலை அழுத்தியவுடன் பின்னால் ஒரு நீலப் புகை கிளம்பி மறைந்தால் குற்றம் கைடில் இருக்கிறது. ஏறும்போது, பாரத்தோடு இழுக்கையில் விடாமல் நீலமாகப் புகைந்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எனக்குக் கல்லாறில் ஒரு சிறு புகை வந்தது. திரும்பிக் குன்னூர் வரை ஏறுகையில் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. காலை நேர வெள்ளைப் புகையைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மார்கழியில் உதகையில் நாமும் அப்படித்தான் புகைகிறோம்.

ஆக, வால்வுகள் அமைந்த மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கிப் பார்ப்பது, அதற்கு மேல் போவதா என்பதை உள்ளே கண்டதை வைத்து முடிவு செய்வது என்று தீர்மானித்தோம். சந்தையில் கிடைக்கும் ஃப்ளஷ் திரவத்தை ஊற்றி ஓடவிட்டு வடித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பழைய இன்ஜினுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். பல ஆண்டுகளாகப் படிந்த கசடு கரையாமல் துண்டு துண்டாகப் பெயர்ந்து ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்தால், சுத்தம் செய்யப் போய்ப் பேரிங்கைப் பறிகொடுக்க நேரும். சம்பை இறக்கியபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது: அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கருங்கசடும், வலையில் எப்போதோ யாரோ தாராளமாகப் பூசிய கேஸ்கட் பசையின் துணுக்குகளும் இருந்தன. அந்தக் கசடை நானே விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். உலோக மினுமினுப்பு இருந்திருந்தால் அன்றே கோவைக்கு வண்டி பேசியிருப்பேன். இல்லை. ஒரு கனெக்டிங் ராடின் பேரிங்கை மட்டும் கழற்றிப் பார்த்ததில், செம்பு வெளியே தெரியாமல் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தது. சூடான நிலையில் ஆயில் அழுத்தமும் முன்பே சரியாகத்தான் இருந்தது.

ஹெட்டைத் திறந்ததும் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு ஓரிடத்தில் கருகியிருந்தது. காரணம், வால்வைத் திறக்கும் டேப்பெட். சத்தம் கேட்கிறது என்று நான் முன்பு ஒரு பட்டறையில் குறைப்பட்டதற்கு, இடைவெளியே இல்லாமல் இறுக்கி அமைதியாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வால்வு முழுமையாக மூடாமல், இருக்கையில் பட்டு வெப்பத்தை இறக்க வழியில்லாமல் எரிந்திருக்கிறது. அந்த அமைதிக்காக அன்று நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். சிலிண்டர் சுவரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் லேசாகத் தட்டியது. போர் கேஜில் தேய்மானம் 0.07 மில்லிமீட்டர். 68 மில்லிமீட்டர் துளைக்கு இது பெரிதல்ல என்றார் பாய். பிஸ்டனைக் கழற்றவில்லை.

ஒரு வால்வையும் எட்டு கைடுகளையும் மாற்றி, மற்ற வால்வுகளை உட்கார வைத்து அரைத்து, கரி சுரண்டி, அலுமினிய ஹெட்டின் அடிப்பரப்பு வளையவில்லை என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, புது கேஸ்கட்டோடு மூடினோம். மேல்பாதி இறுகிய பிறகு கீழ்ப்பாதி ரிங்குகள் ஆயிலை விடத் தொடங்கும் என்ற அச்சம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. அது பொய்யல்ல, அதனால்தான் சுவரை அளக்காமல் ஹெட்டை மூட நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட்டோம், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தப் பழைய ரப்பர் தாங்காது.

கசடுக்கும் வெண்ணெய்ப் பசைக்கும் மூலகாரணம் கடைசியாகத்தான் அகப்பட்டது. தண்ணீர்க் குழாயின் வாயில், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. சமவெளியில் வண்டி சூடாகிறது என்றால் முதலில் அதைக் கழற்றி எறிவது வழக்கம். மலையில், சந்தைக்கும் வீட்டுக்குமாக மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அதைச் செய்தால் இன்ஜின் சூடேறவே ஏறாது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து பசையாகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவும். புது தெர்மோஸ்டாட் ஒன்று போட்டதில் இரண்டே வாரத்தில் மூடியின் உட்புறம் காய்ந்தது. மெல்லிய காற்றுக்கு ஏற்ப, பெட்ரோல் பாயும் துளையான கார்புரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்கலாமா என்று கேட்டேன். மாதம் இருமுறை மேட்டுப்பாளையம் இறங்குபவருக்கு அது வேண்டாம், கீழே பெட்ரோல் போதாமல் அதே வால்வு மறுபடி எரியும் என்று பாய் மறுத்துவிட்டார்.

இப்போது உதகையில் அளந்தால் 101, 99, 98, 100. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஆயில் குறைகிறது. அதை 20டபிள்யூ40 ஊற்றிச் சமாளிக்கிறேன். டேப்பெட் இன்னும் சத்தம் போடுகிறது, கேட்டுக்கொண்டே ஓட்டுகிறேன்.