கவுனி அரிசியோடு மல்லுக்கட்டிய மூன்று வாரம்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் வெள்ளைப் பணியாரம், உக்காரை, கவுனி அரிசி, இந்த மூன்றும் இல்லாமல் பொழுது விடியாது. கவுனி என்பது கறுப்பாக, வெந்தால் ஒட்டிக்கொள்ளும் ஓர் அரிசி; அதில் செய்யும் இனிப்புக்கும் அதே பெயர்தான். வருஷா வருஷம் அதே கவுனிதான். இரவே ஊறவைத்து, காலையில் குழைய வேகவைத்து, சூட்டோடு சீனி, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய். இந்தத் தடவை அதையே வேறு மாதிரி செய்து பார்ப்போமே என்று பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே ஒரு நோட்டுப் போட்டு ஆரம்பித்தேன்.

அப்பத்தாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "நல்லா இருக்கறத எதுக்குத்தா நோண்டுற?" என்றார்கள்.

முதல் ஞாயிறு அரிசியிலேயே சறுக்கினேன். பட்டணத்திலிருந்து தம்பி வாங்கி வந்த பொட்டலத்தில் 'கருப்புக் கவுனி' என்றுதான் போட்டிருந்தது. பத்து மணி நேரம் ஊறி, குக்கரில் ஏழு விசில் வைத்தும் பருக்கை பருக்கையாக உதிரியாய் நின்றது. சாதத்துக்கு ஆகும், இந்தப் பலகாரத்துக்கு ஆகாது. எங்கள் வீட்டுக் கவுனி ஒட்டும் ரகம். ஒட்டரிசியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் அநேகமாக இருக்காது, அதனால்தான் வெந்ததும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. கடையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு மணியை உடைத்துப் பாருங்கள். கறுப்பு மேல்தோலோடு சரி. உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக, ஒளி புகாமல் இருந்தால் ஒட்டும் ரகம். கண்ணாடி போல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு இது தெரிந்தது ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்த பிறகு.

அப்புறம் காரைக்குடியிலேயே சரியான அரிசி வாங்கினேன். இரண்டாவது ஞாயிறு வெள்ளைப் பணியாரம். அதன் அளவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் போட்டு, கரண்டியால் எடுத்துக் காய்ந்த எண்ணெயில் ஊற்ற வேண்டும். நான் பச்சரிசியில் கால் பங்கைக் குறைத்துக் கவுனி போட்டு ஆட்டினேன். மாவு நல்ல நாவல்பழ நிறத்தில் வந்தது. ஆசையாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். நன்றாக உப்பட்டும் என்று ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டேன், அவ்வளவுதான், கண் முன்னாலேயே மாவு நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிட்டது.

கவுனியின் கறுப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்திலும் கறுப்புத் திராட்சையிலும் இருப்பதும் அதுதான். புளிப்புப் பட்டால் சிவக்கும், காரம் (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு நேரெதிரானது) பட்டால் நீலம் பாயும். சோடா காரம். மறுபடி கொஞ்சம் மாவில் எலுமிச்சைச் சாறு விட்டேன், இளஞ்சிவப்பாகத் திரும்பியது. பள்ளிக்கூட ஆய்வகம் போல இருந்தது, பலகாரம் போல இல்லை.

பொரித்ததைப் பற்றிச் சுருக்கமாக: உப்பவில்லை. எண்ணெய் குடித்தது. நடுவில் பசை. ஒன்று சட்டியிலேயே வெடித்துக் கையில் தெறித்தது. அடுத்த ஈட்டில் கவுனியை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்தேன். அழகாக உப்பியது, ஆனால் நிறமும் இல்லை, ருசியும் இல்லை. பின் எதற்கு? வெள்ளைப் பணியாரம் வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நடுவில் ஒரு நாள் உக்காரையில் வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டேன். நன்றாக வந்தது, சொல்ல வேறொன்றும் இல்லை.

தாய்லாந்தில் ஒட்டரிசியை ஆவியில் வேகவைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தேங்காய்ப்பாலில் ஊறவிட்டு, மாம்பழத்தோடு சாப்பிடுகிறார்கள். ஐப்பசியில் மாம்பழத்துக்கு எங்கே போவது? சந்தையில் சீத்தாப்பழம் குவிந்து கிடந்தது. கொட்டை எடுப்பதற்குள் முக்கால் மணி நேரம். அந்த அலுப்பில், ஆறட்டும் என்று பொறுக்காமல் கொதிக்கக் கொதிக்க இருந்த கவுனியில் சதையைப் போட்டுக் கிளறிவிட்டேன். கசந்தது. சூடு பட்டால் சீத்தாப்பழம் கசக்கும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, நான் கேட்கவில்லை. மறுநாள் அரிசியை முழுதாக ஆறவிட்டு, உப்புப் போட்ட கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே பழத்தை வைத்தேன். அருமை! பாலில் உப்பு மட்டும் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் திகட்டும்.

எதைச் செய்தாலும் ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள். அரிசி விரலில் மசியும் வரை சீனி சேர்க்கக் கூடாது. சீனி தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், அரிசி அதற்குமேல் வேகாது. ஊறிய தண்ணீரையும் கொட்டாதீர்கள், பாதி நிறம் அதில்தான் இருக்கிறது.

கடைசியாகச் செய்ததுதான் நான் உண்மையில் செய்ய நினைத்தது. கவுனி நம் வீட்டுக்கு வந்ததே பர்மாவிலிருந்து, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கொண்டுவந்தது. 1942-இல் ஜப்பான்காரன் நுழைந்தபோது அங்கிருந்து வந்து சேர்ந்தவர்களில் அப்பத்தாவின் தகப்பனாரும் ஒருவர். அப்போது அப்பத்தாவுக்கு ஆறு வயது. அந்த ஊரில் இதே அரிசியை ஆவியில் வேகவைத்து, உப்புச் சேர்த்து இடித்த வறுத்த எள்ளும் தேங்காய்ப்பூவும் தூவிக் காலைப் பலகாரமாகச் சாப்பிடுகிறார்கள். நாமோ அரிசியைக் கொண்டுவந்தோம், அந்த எள்ளுப்பொடியை விட்டுவிட்டோம்.

இட்லிக் கொப்பரையில் துணி விரித்து, ஊறிய அரிசியைப் பரப்பி, நடுவில் இரண்டு தடவை தண்ணீர் தெளித்து, முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். குக்கர் கவுனி போலக் களியாகாமல் மணி மணியாக, ஆனால் ஒட்டிக்கொண்டு நின்றது. எள்ளை வறுத்து உரலில் கொரகொரப்பாக இடித்தேன். மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும்.

தட்டில் வைத்துக் கொடுத்தேன். அப்பத்தா ஒரு வாய் போட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "சீனி போட மறந்துட்டியாத்தா?" என்றார்கள்.

"இது இப்படித்தான் அப்பத்தா, உப்புக் கவுனி. சாப்பிட்டுப் பாருங்க."

காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எழுந்து போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்து இரண்டு கரண்டி தூவிப் பிசைந்து சாப்பிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மீதியை வழித்து வாயில் போட்டதும் வாயடைத்துப் போனேன். எள்ளின் லேசான கசப்பு, உப்பு, மேலே கரையாமல் நறநறவென்று சீனி. மூன்று வாரத்தில் செய்த எல்லாவற்றையும்விட அதுதான் ருசி.

தீபாவளியன்று இரண்டு பாத்திரம் வைத்தோம். பழைய கவுனி முதலில் காலி. எள்ளுக் கவுனி பாதி மீந்தது. ஃப்ரிட்ஜில் வைத்ததில் மறுநாள் கல்லாகிவிட்டது, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்ததும் பழையபடி இளகிவிட்டது.

பட்டணத்துப் பொட்டலத்தில் இன்னும் அரைக் கிலோ இருக்கிறது. தோசைக்கு ஆட்டினேன், வீட்டில் ஒருத்தரும் தொடவில்லை. நான் மட்டும் தினமும் காலையில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.