கையெழுத்து

இன்று காலை கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கையில் ஒரு சின்ன அமெரிக்கக் கொடியைத் திணித்தார்கள்.

குடியுரிமை உறுதிமொழி. வலது கையைத் தூக்கி எல்லோரும் சேர்ந்து சொன்னோம். சட்டம் கேட்டால் நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவேன் என்று ஒரு வரி வரும். எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. நாற்பத்தைந்து வயதில் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?

ஆனால் அந்த வரியில்தான் ஹோசே அந்தோனியோ குத்தியேரெஸ் நினைவுக்கு வந்தார்.

குவாத்தமாலாவில் தெருவில் வளர்ந்த அநாதைப் பையன். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து, உரிய தாள் எதுவும் இல்லாமல் கலிஃபோர்னியா வந்து சேர்ந்தவர். கட்டடக் கலைஞர் ஆக வேண்டும் என்று ஆசை. அமெரிக்காவின் மரைன் படையில் சேர்ந்தார்.

2003 மார்ச் 21. ஈராக் போர் தொடங்கிய கையோடு, உம் கஸ்ர் பக்கம் இறந்தார். 28 வயது. பட்டது எதிரியின் குண்டு அல்ல, சொந்தப் படையின் குண்டு என்று அப்புறம் தெரிந்தது.

குடியுரிமை கொடுத்தார்கள். இறந்த பிறகு. உடல் குவாத்தமாலாவுக்கே திரும்பிப் போனது.

நான் என் குடியுரிமைச் சான்றிதழை வாங்கியதும், "பெயர் சரியா பாருங்க, அப்புறம் கையெழுத்து போடுங்க" என்றார் அதைக் கொடுத்த அம்மா.

பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது.